ஒற்றைக் கோட்டு வீடு

எங்கள் நகராட்சியில் எல்லை மீறுகிறவர்கள் நிறையப் பேர். எல்லை போடுகிறவர் ஒருவர்தான். விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலை. ஓட்டப் பந்தயத்துக்கு நீளக் கோடு, கால்பந்துக்கு வட்டம், கைப்பந்துக்குக் கட்டம். ஒற்றைச் சக்கரம் வைத்த ஒரு தகர வண்டி அவரிடம் உண்டு. அதில் பொடியை நிரப்பித் தள்ளினால் பின்னால் வெள்ளைக் கோடு வரும். அவர் தள்ளினால் நேராக வரும். வேறு யாராவது தள்ளினால், அந்தக் கோட்டைப் பிடித்து ஓடுகிறவன் பரிசு வாங்க வேறு ஊருக்குப் போகவேண்டியிருக்கும்.

ஊரில் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். அவருக்குக் கொள்கை என்று இருந்தது இரண்டே. கோட்டை மிதிக்கக் கூடாது. கோட்டில் பட்ட பந்து உள்ளேதான். இந்த இரண்டாவது கொள்கையால் ஒருமுறை அதிகாரிகளுக்கு நடந்த கைப்பந்துப் போட்டியில் ஆணையரின் அணி தோற்றது. அதற்குப் பிறகு அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதற்கு முன்பும் வந்ததில்லை என்பதால், காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அவர் மனைவி தையல்காரம்மா. இருவரும் நகராட்சியின் பழைய வரிசை வீட்டில், ஓர் அறையில் குடியிருந்தார்கள். அந்த அறையில் குடியிருந்தது உண்மையில் ஒரு மேசைதான். துணி வெட்டுகிற மேசை. கட்டில் போல நீளம், கட்டிலை விட அகலம். அது மூன்று சுவர்களைத் தொட்டுக்கொண்டு நின்றது. மிச்சம் இருந்த சந்தில் தையல் இயந்திரம், அடுப்பு, கோட்டுக்காரர். இரவு இருவரும் மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் அதுதான் நனையாத இடம். "எங்க வீடு மாடி வீடு, நாங்க கீழ் போர்ஷன்" என்று தையல்காரம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் துணி வெட்டும்போது அவருக்குச் சிரிப்பு வராது. ஒரே பக்கம் நின்று எட்டி எட்டி வெட்டுவதால் சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும். எதிர்ப்பக்கம் வெட்ட வேண்டுமானால் துணியைத்தான் திருப்ப வேண்டும். திருப்பினால் மடிப்பு கலையும். அவருடைய ஆசை நகையில் இல்லை, புடவையில் இல்லை. மேசையைச் சுற்றி நாலு பக்கமும் நடக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

வீடு வருகிறது என்று நகராட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தலைவரும் பதவிக்கு வந்ததும் சொன்னார்கள். போகும்போது அடுத்தவர் சொல்வதற்காக விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பணம் கிடைத்தது. நிலம் நகராட்சியுடையது, பழைய பேருந்துப் பணிமனை இருந்த காலி மனை. கட்டுகிற செலவில் கொஞ்சம் அரசாங்கம் தரும். பெரும் பங்கு ஒரு வளர்ச்சி வங்கியின் கடன். வங்கி மொத்தமாகக் கொடுக்காது, தவணை தவணையாகத்தான் கொடுக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தது. குடிவரப் போகிறவர்கள் வீட்டைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் பணம்.

பணம் வந்தால்தான் வீடு. வீட்டைப் பார்த்தால்தான் பணம். நகராட்சி இன்ஜினியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். முன்பக்கம் ஏற்கெனவே பிய்ந்திருந்தது. முதலில் வரைபடத்தைக் காட்டிப் பார்த்தார். வரிசை வீட்டுக்காரர்களுக்குத் தானாகவே தலைவராகிவிட்ட ஓய்வுபெற்ற கண்டக்டர் அதை வாங்கி, இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"சார், இது எந்த ரூட்டு?"

அப்போதுதான் இன்ஜினியருக்கு அந்த யோசனை வந்தது. வீட்டை அசல் அளவில் தரையிலேயே வரைந்து காட்டிவிட்டால் என்ன? தரையில் வரைய நகராட்சியில் ஆள் இருக்கிறதே.

கோட்டுக்காரர் வரைபடத்தை வாங்கிக்கொண்டு பணிமனைத் தரைக்கு வந்தார். வரைபடத்தில் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு இருந்தது. அவர் யோசித்தார். மைதானத்தில் ஓர் எல்லைக்கு ஒரு கோடுதான். இரண்டு போட்டால் எது வெளியே, எது உள்ளே என்று அடிதடி வரும். அதுவும் போக, பண்டகசாலையில் சுண்ணாம்பை எண்ணித்தான் கொடுத்திருந்தார்கள். படம் போட்டவர் கை நடுங்கி ரெட்டையாக விழுந்திருக்கும் என்று முடிவு செய்து, இரண்டுக்கும் நடுவே ஒரே கோடாக, அழகாக இழுத்துவிட்டார். வாசல் வரும் இடத்தில் கோட்டை விட்டார். ஜன்னலுக்குப் புள்ளி வைத்தார்.

இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கி, படத்தில் எழுதியிருந்த நடுவுக்கு நடு அளவை மட்டும் டேப் பிடித்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

"பிரமாதம்யா. சுண்ணாம்பு போதுமா இருந்துச்சா?"

"ரெண்டு மூட்டை மிச்சம் சார்."

"உன்னைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்" என்றார் இன்ஜினியர். நகராட்சியில் ஒரு பொருள் மிச்சமானது அதுவே முதல் முறை. கோட்டுக்காரர் வீட்டுக்கு வந்து அந்தப் பாராட்டை இரண்டு தடவை சொன்னார். மிச்ச மூட்டைகளைப் பண்டகசாலையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, திருப்பி வாங்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவை மைதானத்துக் கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை வரிசை வீடுகள் மொத்தமும் பணிமனைத் தரையில் கூடின. சும்மா வரவில்லை, கட்டிலோடும் பீரோவோடும் வந்தார்கள். நம்மைச் சும்மா நிற்கவைத்துப் பார்த்தால் எந்த வீடும் பெரிதாகத்தான் தெரியும், சாமானோடு பார்க்கணும் என்பது கண்டக்டரின் வாதம். கோட்டுக்குள் கட்டில் போட்டார்கள், பீரோவை நிறுத்தினார்கள். வெயில் சுள்ளென்று அடிக்க, கூரையில்லாத வீடுகளில் ஊரே குடித்தனம் நடத்தியது.

கோட்டுக்காரருக்குத்தான் உயிர் போயிற்று.

"அண்ணே, சுவர் மேல நடக்கிறீங்க."

"எந்தச் சுவர்?"

"நீங்க நிக்கிறது சுவர்ல. வாசல் அந்தப் பக்கம்."

"சரிதான். நான் சுவரேறிக் குதிக்கிறவன்னு பேர் வாங்கிக் குடுத்துடுவே போல" என்று கண்டக்டர் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். வந்தவர் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கு நின்றார். நடுக்கோடு யாருக்குச் சொந்தம்?

"கோடு ரெண்டு பேருக்கும்ண்ணே. கோட்டுல பட்டா உள்ளேதான். உங்களுக்கும் உள்ளே, அவருக்கும் உள்ளே" என்றார் கோட்டுக்காரர்.

இந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஆளுக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்த மாதிரி இருந்தது. கிடைத்துத்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

தையல்காரம்மா தம் மேசையை நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் புள்ளிக்குப் பக்கத்தில் போட்டார். ஒரு பக்கம் நடந்தார். இரண்டாவது பக்கம் திரும்பினார். மூன்றாவது. நாலாவது பக்கத்தில் கோட்டுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகப் போக இடம் இருந்தது. அவர் திரும்ப ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். அப்புறம் இன்னொரு சுற்று. அதற்கப்புறம் காரணமில்லாமல் ஒரு சுற்று.

வங்கியிலிருந்து வந்த மேடம் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல மனுஷி, கோட்டைத் தாண்டாமல் வாசல் வழியாக வந்ததிலேயே கோட்டுக்காரருக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. நாற்காலி போட்டு, ஹாலில் உட்காரவைத்து, டீ கொடுத்தார்கள்.

"வீடு பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார் மேடம்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். ஒழுகவே மாட்டேங்குது" என்றார் தையல்காரம்மா, வானத்தைப் பார்த்து.

எல்லாரும் சம்மதம் சொன்னார்கள். முதல் தவணை வந்தது.

முதல் தவணையில் மனையின் ஓரத்தில் மாதிரிக்கு ஒரு வீடு மட்டும் கட்ட வேண்டும். அதை மக்கள் பார்த்துச் சரி என்றதும் இரண்டாம் தவணை, அடுக்குமாடி. கான்ட்ராக்டர் வந்தார். மூன்று தலைவர்களைப் பார்த்தவர். அவர் போட்ட சாலையில் மழை பெய்தால் சாலை மழையோடு போய்விடும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் கையும் களவுமாக அவரை யாரும் பிடித்ததில்லை. அப்படிப்பட்டவர், வங்கி மேடம் மேற்பார்வை பார்க்கிறார் என்ற பயத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார். படத்தில் இருந்தபடி, கல்லுக்குக் கல், அளவுக்கு அளவு.

மாதிரி வீட்டைத் திறந்துவிட்டார்கள். கட்டில்கள் மறுபடி வந்தன. கண்டக்டரின் கட்டிலைப் போட்டால் அறைக் கதவு பாதிதான் திறந்தது. பீரோ நின்றால் ஆள் நிற்க முடியவில்லை. தையல்காரம்மாவின் மேசையைப் போட்டார்கள். அவர் ஒரு பக்கம் நடந்தார், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பக்கம் வயிற்றை எக்கிக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. மேசை ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் டேப் பிடித்தார். அறைக்கு அறை முக்கால் அடி குறைந்தது.

"தின்னுட்டான்" என்றார்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் பார்வையும் கான்ட்ராக்டர் மேல் போயிற்று.

"ஐயா, சத்தியமா நான் எடுக்கலை" என்றார் கான்ட்ராக்டர்.

"சிமெண்ட்டைத் தின்னவனைப் பாத்திருக்கேன், கம்பியைத் தின்னவனைப் பாத்திருக்கேன். காலி இடத்தைத் தின்னவன் நீ ஒருத்தன்தான்யா."

"இடத்தை எடுத்து நான் எங்கே கொண்டுபோய் விப்பேன்?"

"அது உங்க தொழில் ரகசியம். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

செய்த தப்புக்கெல்லாம் தப்பித்துப் பழகியவருக்குச் செய்யாத தப்பிலிருந்து தப்பிக்கும் வழி தெரியவில்லை. பாவம், அதில் அனுபவமே இல்லை. கான்ட்ராக்டரை மாற்றாதவரை சம்மதம் சொல்லமாட்டோம் என்று வரிசை வீடுகள் ஒரே குரலில் சொல்லிவிட்டன. சம்மதம் இல்லையென்றால் இரண்டாம் தவணை இல்லை. கான்ட்ராக்டரை மாற்றுவதென்றால் டெண்டர், தீர்மானம், வழக்கு என்று ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். எங்கள் நகராட்சியில் ஆரம்பம் என்பது எவ்வளவு தூரம் என்று எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் போன பிறகு கோட்டுக்காரர் மட்டும் மாதிரி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் முழங்கால் உயரச் சுவர் ஒன்று இன்னும் பூசாமல் இருந்தது. சும்மா இருக்கிற காலை அதன்மேல் குறுக்காகத் தூக்கிவைத்தார். குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை மொத்தப் பாதமும் சுவருக்குள் அடங்கியது. அவருடைய சுண்ணாம்புக் கோடு இரண்டு விரல் அகலம். பாதத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். வரைபடத்தில் இருந்த இரண்டு கோடுகள் ஞாபகத்துக்கு வந்தன: சுவரின் இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. நடுங்கியது படம் போட்டவர் கை இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ரெண்டு மூட்டை மிச்சம்னு வந்து ரெண்டு தடவை சொன்னீங்களே, அதானா இது?"

"அதேதான்."

"என் மேசைக்கு நாலாவது பக்கத்தை மூட்டையில கட்டி வெச்சிருக்கீங்க."

"நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

"சொல்லுங்க. இல்லைன்னா வேலை நின்னு போயிடும். நான் இந்த மேசைக்கு அடியிலேயே கிழவி ஆயிடுவேன்."

மறுநாள் கூட்டத்தில் அவர் எழுந்து, தப்பு தம்முடையது, கான்ட்ராக்டர் நிரபராதி என்றார். கூட்டம் கடைசிவரை கேட்டது. பிறகு கண்டக்டர் ரொம்ப வருத்தத்தோடு கேட்டார்.

"எவ்வளவு குடுத்தான் தம்பி?"

"அண்ணே, யாரும் ஒண்ணும் குடுக்கலை."

"உன்னைப் போய் நேர்கோடுன்னு நெனச்சோமே."

நிரபராதி என்ற சொல்லைக் கான்ட்ராக்டரோடு சேர்த்துச் சொன்னதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு. அதை மட்டும் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்தினார். தையல்காரம்மாவிடம் ரவிக்கை கொடுத்திருந்த இரண்டு பேர் தைக்காத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கான்ட்ராக்டர் இன்னும் குழம்பினார். தனியாக வந்து கோட்டுக்காரரின் காதில் கேட்டார்:

"நான் ஒண்ணும் குடுக்கலையே. எனக்காக வேற யார் குடுத்தாங்க? சொன்னீங்கன்னா கணக்கைத் தீத்துடுவேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோட்டுக்காரர் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

"நல்லது சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார்.

"நீங்க என்னிக்குப் பேசி யார் நம்பியிருக்காங்க?" என்றார் தையல்காரம்மா. "உங்க வாயை யாருக்குத் தெரியும்? கையைத்தான் தெரியும். போட்டுக் காட்டுங்க. அந்த ரெண்டு மூட்டை அங்கேயேதானே கெடக்கு?"

வங்கி மேடம் மாதிரி வீட்டைப் பார்க்க வருகிற அன்று காலையில், பணிமனைத் தரையில் தகர வண்டி மறுபடி உருண்டது. பழைய கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வரைபடத்தில் இருந்த ரெட்டைக் கோடு ஒன்றுவிடாமல் தரையில் இறங்கியது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வெறும் செங்கல்லைப் படுக்கப் போட்டுக்கொண்டே போனார். தையல்காரம்மா பின்னாலேயே செங்கல் எடுத்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், திட்ட வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இது என்ன புது நாடகம்?" என்றார் கண்டக்டர்.

"உங்க கட்டிலை எடுத்துட்டு வாங்கண்ணே. அன்னிக்குப் போட்ட மாதிரியே போடுங்க."

கண்டக்டர் கட்டிலைக் கொண்டுவந்து, பழைய கோட்டை ஒட்டிப் போட்டார். கட்டிலின் கால் செங்கல்லின் மேல் ஏறி நின்றது. செங்கல்லை விட்டு உள்ளே தள்ளினார். கதவுக்கு இடமில்லை. இப்படித் தள்ளிப் பார்த்தார், அப்படித் தள்ளிப் பார்த்தார். பிறகு கட்டிலின் மேலேயே உட்கார்ந்து, கோட்டையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, கான்ட்ராக்டர் திருடவே இல்லையா?"

அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து உலகத்தைப் புரிந்துகொண்டவர். உலகம் இப்படி ஒரு அடி கொடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவர் என்று நிரூபணமான அனுபவம் அவருக்கும் புதிது.

வங்கி மேடம் வந்தார். பழையபடி வாசல் வழியாகத்தான் வந்தார். பழைய கோட்டின் ஹாலில் நின்றார், செங்கல்லுக்கு நடுவில் நின்றார், மாதிரி வீட்டுக்குள் போய் நின்றார். வெளியே வந்து கேட்டார்.

"நீங்க சம்மதம் சொன்னது எந்த வீட்டுக்கு?"

"அதுக்குத்தான் மேடம்" என்று எல்லாக் கையும் மங்கல் கோட்டைக் காட்டின.

"எங்க பேங்க் பணம் குடுக்கச் சம்மதிச்சதும் அந்த வீட்டுக்குத்தான். நான் அங்கே உக்காந்து டீ குடிச்சிருக்கேன்."

இன்ஜினியருக்கு வேர்த்தது. "மேடம், சுவர்னா கனம் இருக்கத்தானே செய்யும்? அறை பெருசாகணும்னா கட்டடமே பெருசாகணும்."

"ஆகட்டும்."

"செலவு கூடும் மேடம். கூடுதல் கடன் கிடைக்குமா?"

"கிடைக்காது. இருக்கிறதுல எதையாவது குறைங்க."

எதைக் குறைப்பது? ஜன்னலைக் குறைக்க முடியாது, படிக்கட்டைக் குறைக்க முடியாது, தண்ணீர்த் தொட்டியைக் குறைக்க முடியாது. இன்ஜினியர் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "முகப்பு வளைவுன்னு ஒண்ணு இருக்கு."

வளைவு என்றால் சும்மா வளைவு இல்லை. இரண்டு பக்கமும் தூண், மேலே விளக்கு, நடுவில் நகராட்சித் தலைவரின் பெயர், பக்கத்தில் நீரூற்று. வீட்டுக்கு வருகிறவர்கள் அதற்கு அடியில்தான் குனிந்து போக வேண்டும் என்ற அளவில் யோசிக்கப்பட்டது. தலைவரும் அன்று வந்திருந்தார். கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கத்தவில்லை. கட்டில்மேல் உட்கார்ந்திருந்த கண்டக்டர் மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

தலைவருக்கு அந்தச் செருமலில் அடுத்த தேர்தல் கேட்டது.

"வளைவு எதுக்குங்க நமக்கு? மக்கள் மனசுல இடம் இருந்தா போதும்" என்றார், ஒரு பல் பிடுங்கியவர் போன்ற முகத்தோடு.

கைதட்டல் எழுந்தது. கான்ட்ராக்டர் இரண்டாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த வேலையிலேயே நாலு காசு தேறுகிற இடம் அந்த வளைவுதான். ஒரே நாளில் நிரபராதியாகவும் ஏழையாகவும் ஆனார்.

அப்புறம் இரண்டாம் தவணை வந்தது. கட்டடம் எழுந்தது. தரைத்தளச் சுவர் கட்டியபோது கோட்டுக்காரர் மாலை வேளைகளில் போய்ச் சுவர்மேல் காலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு வருவார். கொத்தனார்களுக்கு அது ஏதோ சடங்கு என்று பட்டது. அவர்களும் வைக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஒருநாள் வழியில் நிறுத்தி, "தம்பி, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "ஆனா ஒண்ணு. நீ ஒழுங்கா ரெண்டு கோடு போட்டிருந்தா நாமெல்லாம் அந்தச் சின்ன வீட்டுக்கே தலையாட்டியிருப்போம்." இது பாராட்டா என்று கோட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார்.

மாதிரி வீடு யாருக்கும் வேண்டாமென்று ஆகிவிட்டது. அதைக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகம் ஆக்கிவிட்டார்கள். இன்ஜினியர்தான் வாரம் இரண்டு நாள் அங்கே உட்காருகிறார். எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் நாற்காலி சுவரில் இடிக்கும் சத்தம் வெளியே கேட்கும்.

குலுக்கலில் கோட்டுக்காரருக்கு இரண்டாம் மாடி விழுந்தது. ஒழுகாத கூரை, அதற்கும் மேலே மூன்று மாடிகளின் கூரைகள். மேசையைப் படியேற்ற அன்றைக்குப் போலவே நாலு பேர் வந்தார்கள். திருப்பி வாங்கிப் போன ரவிக்கைத் துணிகளும் வந்திருந்தன. மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போகும்வரை தையல்காரம்மா அதன் பக்கமே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் நடந்தார். இரண்டாவது பக்கம். மூன்றாவது.

நாலாவது பக்கத்தில் அவர் இடுப்பு சுவரை லேசாக உரசியது. இரண்டு விரல் அகலம் குறைந்தது. கோட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சிமெண்ட்டுப் பூச்சு, அதன்மேல் வெள்ளையடிப்பு. சுவருக்குக் கனம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர், பூச்சுக்கும் கனம் இருக்கிறது என்பதை மறந்திருந்தார்.

"ஏங்க, இடிக்குது."

"எங்கே?"

"இங்கே, இடுப்புல."

"நின்னுட்டியா, போக முடியுதா?"

தையல்காரம்மா லேசாக ஒருக்களித்தார். முந்தானை சுவரில் தேய்ந்து, வெள்ளை ஒட்டியது. ஆனால் நிற்காமல் மறுபக்கம் வந்து சேர்ந்தார். தொடங்கிய இடத்துக்கே.

"அப்ப சரி" என்றார் கோட்டுக்காரர். "கோட்டுல பட்டா உள்ளேதான்."

தையல்காரம்மா முந்தானையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிவிட்டு, கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார்.